எங்கள் தோழியும் மூன்று படிகளும்

வருகின்ற ஜூன் மாதம் நாங்கள் எம் பள்ளியை விட்டுப் பிரிய வேண்டும். எம் பள்ளி உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க விரும்புகிறவர்கள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்குப் போவது வழக்கம். எங்களுக்கு முன்னே படித்த அக்காமார் பலரும் அங்கேதான் போனார்கள். முதல் வகுப்பிலிருந்து ஒரே வரிசையில் அமர்ந்து வந்திருக்கும் நாங்கள் ஐவரும் அங்கேயும் ஒரே வரிசையில் அமர்வது என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு செய்து வைத்திருந்தோம்.

ஐவரில் ஒருத்தி சக்கர நாற்காலியில் வருபவள். பிறந்தது முதல் அவளுக்கு இடுப்புக்குக் கீழே வலு இல்லை. அவளைப் பற்றி ஆண்டு மலரில் எழுதப் போகிறோம் என்றதும், "எழுதுங்க. ஆனா பேர் போடாதீங்க. பேர் போட்டா வீட்டுக்கு வந்து அழுவாங்க" என்று சொல்லிவிட்டாள். ஆகவே இக்கட்டுரையில் அவள் 'எங்கள் தோழி'. கணக்கில் வகுப்பிலேயே முதல், பொறுமையில் கடைசி. இதையும் எழுதச் சொன்னவள் அவளேதான்.

அவள் வீடு பள்ளியிலிருந்து நான்காவது தெரு. காலையில் அவள் அம்மா தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போவார். மாலையில் நாங்கள் முறை வைத்துக்கொண்டு அழைத்துச் செல்வோம். அவளுக்காகவே எம் வகுப்பு ஆறாவதிலிருந்து கீழ்த்தளத்திலேயே நடக்கிறது. மாடி அறைகளில் நல்ல காற்று வரும் என்று நாங்கள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. (ஒரே ஒருநாள் முணுமுணுத்தோம். அதை மதர் கேட்டுவிட்டார்கள்.) இப்படியே பத்து ஆண்டுகள் ஓடிவிட்டபடியால் அவளுக்குப் பஸ் என்ற ஒன்று தேவைப்படவே இல்லை. இப்போது தேவைப்படுகிறது. தினமும் ஆட்டோவில் போய்வருவதென்றால் அவள் அம்மாவின் தையல் கூலியில் பாதி அதற்கே போய்விடும்.

"பஸ்ஸில் போனால் போகிறது" என்று நாங்கள் மிகச் சுலபமாகச் சொல்லிவிட்டோம். காலாண்டுத் தேர்வு முடிந்த ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்ப்பது என்று முடிவாயிற்று. அம்மாவின் தையல் நாடாவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள் தோழி. எதற்கென்று கேட்டோம். "அளக்காம பேசக்கூடாது" என்றாள்.

நம் புதுவையின் வீதிகள் அழகானவை. டச்சுக்காரர் கோடு கிழித்து, பிரெஞ்சுக்காரர் கட்டி வளர்த்த நேர்வீதிகள் என்று சமூக அறிவியல் பாடத்தில் பெருமையோடு எழுதியிருக்கிறோம். தமிழர் பகுதியில் பழைய வீடுகளின் முன்னே திண்ணையும், அதற்கும் முன்னே தெருவை ஒட்டித் தாழ்வாரமும் இருக்கும். முன்பின் அறியாத வழிப்போக்கன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கென்றே நம் முன்னோர் அவற்றைக் கட்டினார்கள் என்று படித்தபோது மனம் நெகிழ்ந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை சக்கர நாற்காலியோடு போனபோது நாங்கள் பார்த்த ஊர் வேறாக இருந்தது. நடைபாதை தரையிலிருந்து ஒரு முழ உயரம். ஏறுவதற்குச் சரிவு கிடையாது. எப்படியோ ஏற்றினால் பத்தடி தள்ளி மின்மாற்றி. அதைத் தாண்டினால் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்கள். சாக்கடை மூடிகளுக்கு இடையே உள்ள சந்தில் நாற்காலியின் முன்பக்கத்துச் சிறு சக்கரம் போய் மாட்டிக்கொள்ளும். ஆகவே நடைபாதையை விட்டுவிட்டு நடுச்சாலையில், லாரிக்கும் டெம்போவுக்கும் நடுவே, நாங்கள் ஊர்வலமாகப் போனோம். பத்தாண்டுகளாக அவளை நாங்கள் தள்ளி வந்த நான்கு தெருவும் மேடு பள்ளம் பழகிப்போன தெருக்கள் என்பதால் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாமலே இருந்துவிட்டது.

முதல் பஸ் எங்களைப் பார்த்ததும் நிற்காமலே போய்விட்டது. இரண்டாவது நெடுந்தூரம் தள்ளி நின்றது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டது. மூன்றாவதில் கால் வைக்க இடமில்லை. நான்காவது பஸ்ஸின் நடத்துநர் நல்ல மனிதர். கீழே இறங்கி வந்து, "சேரை எங்கம்மா வைக்கறது? ஆட்டோல போயிடலாமே?" என்று வருத்தத்தோடுதான் கேட்டார். நாங்கள் விடவில்லை. தோழி அதற்குள் நாடாவை நீட்டி அளந்துவிட்டாள். சாலையிலிருந்து முதற்படி 40 சென்டிமீட்டர். அதற்குமேல் 25, அதற்கும்மேல் 25. ஆக மூன்று படிகள், 90 சென்டிமீட்டர். வாசலின் நடுவே ஒரு கம்பி.

நாங்கள் நால்வரும் அவளைத் தூக்கினோம். இருவர் தோளைப் பிடிக்க, இருவர் காலைப் பிடிக்க, உள்ளிருந்து ஓர் அம்மா கைகொடுக்க, நடத்துநர் நாற்காலியை மடக்கி ஓட்டுநருக்குப் பின்னால் சொருகினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்து, "எவ்வளவு நல்ல பிள்ளைகள்!" என்றார்கள். ஒரு தாத்தா எங்கள் பள்ளியின் பெயரைக் கேட்டார். நாங்கள் பெருமையோடு சொன்னோம். இறங்கும்போதும் அப்படியே தூக்கி இறக்கினோம். அந்த மேல்நிலைப் பள்ளியின் வாயில்வரை போய்ப் பார்த்துவிட்டு, அதேபோல் திரும்பினோம். வழி முழுதும் தோழி ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். ஊரிலே அவளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகள் போகக்கூடாது. சாலையும் மேடு பள்ளமின்றி நீண்டு கிடக்கும். அங்கே போய்விட்டால் எங்களைத் தள்ள விடமாட்டாள். தன் கைகளாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு காந்தி சிலைவரை எங்களுக்கு முன்னே போய் நின்றுகொண்டு, "நடக்கத் தெரியாதா?" என்று கேலி செய்வாள். யோசித்துப் பார்த்தால், அச்சாலையை அவளுக்காக யாரும் அமைக்கவில்லை. உலாவ வருகிறவர்களுக்காக வண்டிகளை நிறுத்தினார்கள். அது அவளுக்கும் உதவுகிறது, அவ்வளவுதான்.

அன்று அவள் கேலி செய்யவில்லை. காந்தி சிலை அருகே நின்று கடலைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு என்னை நாலு தடவை தூக்கினீங்க. ஒரு தடவையாவது தூக்கலாமான்னு கேட்டீங்களா?" என்றாள். எங்களுக்குத் திக்கென்றது. "என் ரெண்டு கையும் உங்க தோள்மேல இருந்துச்சு. துப்பட்டா நழுவினப்போ இழுத்து விட்டுக்க எனக்குக் கை இல்ல. அந்த பஸ்ல எத்தனை பேர் பாத்தாங்க! நீங்க அந்தத் தாத்தாகிட்ட ஸ்கூல் பேர் சொல்லிட்டிருந்தீங்க."

நாங்கள் என்ன சொல்ல முடியும்? எங்களுக்கும் அவளுக்கும் ஒரே வயது. பஸ் நிலையத்தில் எங்களில் ஒருத்தியை அப்படி யாரேனும் தூக்கியிருந்தால் மறுநாள் பள்ளிக்கே வந்திருக்க மாட்டோம். மன்னிப்புக் கேட்டோம். "மன்னிப்பெல்லாம் வேணாம். தூக்காம ஏற வழி இருக்கான்னு பாருங்க" என்றாள். அன்றிலிருந்துதான் பார்க்கத் தொடங்கினோம்.

அடுத்த வாரம் மறைக்கல்வி வகுப்பில் மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் வந்தது. முடக்குவாதக்காரரை நால்வர் சுமந்து வருகிறார்கள். வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். அந்த நால்வரின் விசுவாசத்தைச் சகோதரி விளக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் தோழி கையை உயர்த்தினாள். "சிஸ்டர், கூரையைப் பிரிச்ச நாலு பேரை எல்லாரும் பாராட்டறாங்க. வாசலை அடைச்சுக்கிட்டு நின்னவங்களை யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. சகோதரி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நானாயிருந்தாலும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பேன், திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்" என்றார். மறுநாள் அவரே எங்களை நூலகத்திற்கு அழைத்துச் சென்று அலமாரியைத் திறந்துவிட்டார்.

பழைய ஆண்டு மலர்கள் அங்கே அடுக்கியிருந்தன. 1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கான அனைத்துலக ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு மலரில் பத்தாம் வகுப்பு அக்கா ஒருவர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். எழுத்து நடை எங்களுடையதைவிட நன்றாக இருந்தது. ஆனால் 'இரக்கம்' என்ற சொல் அதில் பதினொரு தடவை வருகிறது. 'படி' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. எண்ணிப் பார்த்துச் சொன்னவள் எங்கள் தோழி.

அப்புறம் சட்டத்தைப் படித்தோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அது நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. இதற்கு முன் 1995இல் ஒரு சட்டம் இருந்தது. அதில் ஏழு வகைக் குறைபாடுகளே சொல்லப்பட்டிருந்தன, புதியதில் 21. சட்டப் புத்தகம் கடினமாக இருக்கும் என்று பயந்தோம், வேதியியலைவிட எளிது. 41ஆம் பிரிவு பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், வாகனங்கள், சாலைகள் எல்லாவற்றையும் பேசுகிறது. பழைய வாகனங்களையும் மாற்றியமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தொழில்நுட்பம் இடம் கொடுத்தால், செலவு கட்டுப்படியானால் என்று சில 'ஆல்'களையும் சேர்த்திருக்கிறது. 45ஆம் பிரிவில் அதுபோல் இல்லை: விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பொதுக்கட்டடங்கள் எல்லாம் எல்லோரும் நுழையும்படி ஆக வேண்டும், மேலும் அவகாசம் வேண்டுமானால் இடத்துக்கு இடம் காரணம் காட்டித்தான் பெறவேண்டும். விதிகள் வெளியானது 2017 ஜூன். ஐந்து ஆண்டு கூட்டினால் 2022 ஜூன். அப்போது நாங்கள் ஏழாம் வகுப்பில் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு கெடு முடிகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி என்பவர் இதற்காக 2005இலேயே உச்ச நீதிமன்றம் போயிருக்கிறார். நாங்கள் பிறப்பதற்கு முன்பே! அவ்வழக்கில் 2024 நவம்பர் 8ஆம் நாள் ஒரு தீர்ப்பு வந்தது. சட்டம் கட்டாயம் என்கிறது; ஆனால் அரசு எழுதிய விதியோ 'செய்தால் நல்லது' என்கிற தோரணையில் இருக்கிறது, அது செல்லாது; கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் எழுதுங்கள் என்று நீதிமன்றம் கூறியது. எங்கள் வகுப்பில் 'வீட்டுப்பாடம் கட்டாயம்' என்பதற்கும் 'வீட்டுப்பாடம் செய்தால் நல்லது' என்பதற்கும் உள்ள வேறுபாடு எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே தீர்ப்பு உடனே புரிந்துவிட்டது.

பழைய நகரத்தில் சாய்தளம் கட்டினால் அழகு கெடும் என்று சிலர் சொல்கிறார்கள். எங்களில் ஒருத்தியின் மாமாவே சொன்னார். 2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தபோது, சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த போராளி ஜாவேத் அபிதி முதலானோர் வற்புறுத்தியதால் குதுப்மினார் போன்ற இடங்களில் மரச் சாய்தளங்கள் போடப்பட்டன. குதுப்மினார் அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நம் ஊர் மேரி கட்டடம் 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய சாயல் மாறாமல் எழுப்பி 2021இல் திறந்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தையே மீண்டும் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு ஒரு சரிவு கட்டுவது பெரிய காரியமா என்று மாமாவிடம் கேட்டோம். பேச்சை மாற்றிவிட்டார்.

பஸ்ஸுக்காக உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்த்தோம். அமெரிக்காவில் டென்வர் என்ற நகரில் 1978 ஜூலை மாதம் 19 பேர், பெரும்பாலோர் சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்கள், சாலை நடுவே பஸ்களை மறித்து இரவு முழுதும் அங்கேயே இருந்தார்கள். 1990 மார்ச்சில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் ஜெனிஃபர் கீலன் என்ற எட்டு வயதுச் சிறுமி நாற்காலியை விட்டிறங்கிக் கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்தே ஏறினாள். அதே ஆண்டு ஜூலையில் அந்நாட்டில் சட்டம் வந்தது. படித்துவிட்டு எங்களில் ஒருத்தி, "நாமும் பஸ்ஸை மறிக்கலாமா?" என்று ஆவலோடு கேட்டாள். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை என்று பிறகு தெரிந்தது. விடுமுறையில் சென்னையில் சித்தி வீட்டுக்குப் போன ஒருத்தி அங்கே ஒரு பஸ்ஸைப் பார்த்து வந்திருந்தாள். உள்ளே ஏறப் படியே இல்லையாம். நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழ்கிறதாம். வாசலிலிருந்து ஒரு பலகை விரிகிறதாம். மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடாமல் வழக்காடியதன் பயன்களில் ஒன்று அது. 2024 ஆகஸ்டில் அவ்வகைத் தாழ்தளப் பஸ்கள் சென்னைச் சாலைகளில் ஓடத் தொடங்கின. அப்படித் தாழ்வதற்கு ஆங்கிலத்தில் 'முழங்காலிடுதல்' என்றே பெயராம். இதைக் கேட்டதும் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். "கோயில்ல என்னாலதான் முழங்கால் போட முடியல. எனக்குப் பதிலா பஸ்ஸாவது போடட்டும்!"

சிரித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். சாய்தளத்திற்கு ஒரு கணக்கு உண்டு: ஓர் அங்குலம் உயர வேண்டுமானால் பன்னிரண்டு அங்குலமாவது நீள வேண்டும். கோணம் ஐந்து பாகைக்கும் குறைவு. நாங்கள் முக்கோணவியலில் போட்டுப் பார்த்தோம். நாங்கள் ஏறிய பஸ்ஸின் உயரம் 90 சென்டிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் 1,080. அதாவது அந்தப் பஸ்ஸில் ஏறப் பலகை போட வேண்டுமானால் பதினொரு மீட்டர் வேண்டும். பஸ்ஸின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான்! தாழ்தளப் பஸ்ஸின் தரையோ 40 சென்டிமீட்டர். நிறுத்தத்தின் மேடையையும் அது சாய்வதையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது சில அங்குலம். ஒரு சிறு பலகை போதும். பலகையை நீட்டிப் பயனில்லை, பஸ்தான் தாழ வேண்டும் என்பது கணக்கிலேயே வந்துவிட்டது.

இந்தக் கணக்கையும், அளந்த அளவுகளையும், 41ஆம் பிரிவையும் எழுதி, வகுப்பில் அனைவரும் கையொப்பமிட்டு, உரிய அலுவலகம் ஒன்றில் மனுவாகக் கொடுத்தோம். அவ்வலுவலகத்திற்கு ஐந்து படிகள். தோழி கீழேயே நின்றாள். அதிகாரி ஒருவர் விவரம் கேட்டதும் தாமே இறங்கி வந்து, அன்போடு இரண்டு வார்த்தை பேசி, அவள் கையிலிருந்து மனுவை வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் போட்டுக் கொடுத்தார். திரும்பும் வழியில் அவள், "ஆண்டு விழாவுல பரிசு வாங்கற மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. எம் பள்ளி மேடைக்கு ஐந்து படிகள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அவள் கணக்கில் பரிசு வாங்குகிறாள். பெயரைக் கூப்பிட்டதும் தலைமைச் சகோதரி மேடையிலிருந்து இறங்கி அவள் இருக்குமிடத்துக்கே வந்து கொடுப்பார். நாங்கள் எல்லோரும் மற்றவர்களுக்குத் தட்டுவதைவிட இரு மடங்கு பலமாகக் கை தட்டுவோம். பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். விழாவிலேயே மிக அழகான காட்சி அது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஏழு ஆண்டுகளாக அந்த மேடையிலிருந்து அரங்கம் எப்படித் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

தலைமைச் சகோதரியிடம் போய்ச் சொல்ல மிகவும் பயந்தோம். பள்ளியைக் குறை சொல்வதாக ஆகிவிடுமே! நோட்டுப் புத்தகத்தை மட்டும் நீட்டினோம். மேடையின் உயரம் 75 சென்டிமீட்டர்; ஆகவே 9 மீட்டர் சாய்தளம். நேராகப் போட்டால் வாசலை அடைத்துவிடும். ஆகவே பாதியில் ஒரு தட்டையான இடம் விட்டுச் சுவரோரமாகத் திருப்ப வேண்டும். இரு பக்கமும் கைப்பிடி. படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "இதை ஏன் இத்தனை ஆண்டு என்னிடம் சொல்லவில்லை?" என்று தோழியைக் கேட்டார். "நீங்க இறங்கி வர்றது உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு, மதர்" என்றாள் அவள். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மதர் மணியை அடித்துத் தச்சரைக் கூப்பிட்டனுப்பச் சொன்னார்.

மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. முத்திரையிட்ட நகல் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது. மாதம் ஒரு முறை போய் விசாரிப்பது என்று ஐவரும் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். தோழியின் முறை வரும்போது அதிகாரி மறுபடியும் இறங்கி வர வேண்டியிருக்கும். ஜூன் மாதத்துக்குள் பஸ் தாழாவிட்டால் என்ன செய்வது என்று அவள் அம்மா இப்போதே கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை. தூக்குவதில்லை என்று மட்டும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். அவளாகக் கேட்டால் ஒழிய.

இம்மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில் சாய்தளம் முடிந்துவிட்டது. சாயம் காயுமுன்னே அவளுக்கு ஏறிப் பார்க்க வேண்டும். தள்ளப் போன எங்கள் கையைத் தட்டிவிட்டாள். திருப்பத்தில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். மேலே போய், மேடையின் நடுவே நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, வெற்று அரங்கத்தையும் கீழே வரிசையாக நின்ற எங்களையும் வெகுநேரம் பார்த்தாள்.

"ஐயோ, இங்கேருந்து பாத்தா நீங்கல்லாம் எவ்ளோ குள்ளமா தெரியறீங்க!" என்றாள்.